உயிர் காக்கும் ஊசியின் வரலாறு

பயிரைக் காப்பதற்காகவே வேலி இடுகிறோம். அந்த வேலியே பயிரை மேயத் தொடங்கினால் என் செய்வது? மனித உடலிலும் சில வேளைகளில் இத்தகைய விபரீதம் நேர்வதுண்டு. நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென்று இயற்கை நமக்கு அளித்துள்ள காவற்படை, தீங்கற்ற ஏதோ ஒரு பொருளைப் பகையென்று தவறாகக் கருதி, உடலையே போர்க்களமாக்கி விடுகிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம். பெரும்பாலோர்க்கு இது தும்மலோடும் தடிப்போடும் அரிப்போடும் நின்றுவிடும். மிகச் சிலருக்கோ ஒரு வேர்க்கடலைப் பருப்பு, ஒரு சிட்டிகை எள், ஒரு தேனீயின் கொடுக்கு, ஒரு முறை போட்ட பென்சிலின் மருந்து இவற்றுள் ஒன்றே எமனாக வந்து விடுகிறது. தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, இரத்தக் குழாய்கள் தளர்ந்து இரத்த அழுத்தம் வீழ்கிறது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடவும் கூடும்.

இத்தகைய கடுந்தாக்கிற்கு முதல் மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் அட்ரினலின். எபிநெப்ரின் என்றும் அதனை வழங்குவர். நூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் அறிந்த மருந்து இது. ஆயினும், மருந்து இருந்தும் உயிர் போன நிகழ்ச்சிகள் பல. காரணம் என்ன? மருந்து மருத்துவமனையில் இருந்தது. நோயாளி மருத்துவமனையில் இல்லை. இந்த இடைவெளியைக் கடப்பதற்காக எழுந்ததே, சட்டைப் பையிலும் புத்தகப் பையிலும் வைத்துக்கொள்ளத்தக்க தானியங்கி ஊசி. அது எவ்வாறு பிறந்தது, எங்கெங்கே தவறியது, ஒவ்வொரு தவற்றிலிருந்தும் எவ்வாறு திருந்தியது என்பதை இன்று ஆராய்வோம்.

கதை கடலில் தொடங்குகிறது. 1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டின் அரசர் முதலாம் ஆல்பர்ட் தமது கப்பலில் ஆராய்ச்சிப் பயணம் ஒன்றை மேற்கொண்டார். கடலியலில் பெருவிருப்பம் உடையவர் அவர். அவருடன் சென்ற பிரெஞ்சு அறிஞர்கள் இருவர்: சார்ல்ஸ் ரிஷே, பால் போர்த்தியே. தொட்டவரைத் துடிக்க வைக்கும் ஒருவகைக் கடல் உயிரினத்தின் நஞ்சினை ஆராயுமாறு அரசர் அவர்களைப் பணித்தார். பாரிஸ் நகருக்குத் திரும்பிய பின், கடற்சாமந்தி என்னும் வேறோர் உயிரினத்தின் நஞ்சினைக் கொண்டு அவர்கள் ஆய்வைத் தொடர்ந்தனர். சிறிது சிறிதாக நஞ்சினை ஊட்டினால் உடல் அதனைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. நடந்ததோ நேர்மாறு. முதல் முறை மிகச் சிறிதளவு நஞ்சினை ஏற்றுத் தெளிந்த நாய்க்குச் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் சிறிதளவு செலுத்தியபோது, அது மூச்சுத் திணறி விழுந்து மாண்டது. காப்பு என்று நினைத்தது கேடாக முடிந்தமையால், காப்புக்கு எதிரானது என்னும் பொருள்பட கிரேக்கச் சொற்களைக் கொண்டு இதற்கு அனாபிலாக்சிஸ் என்று பெயரிட்டு, 1902இல் உலகிற்கு அறிவித்தனர். இந்த ஆராய்ச்சிக்காக ரிஷேக்கு 1913ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னா நகரின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே, அல்லர்ஜி என்னும் சொல்லை 1906இல் உருவாக்கினார்.

நோயின் இயல்பு வெளிப்பட்ட அதே காலத்தில், அதனை வெல்லும் மருந்தும் வேறொரு வழியில் வந்துகொண்டிருந்தது. நம் சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் மீதும் தொப்பி வைத்தாற்போல ஒரு சிறு சுரப்பி உண்டு. அதன் சாற்றை விலங்குகளின் இரத்தத்தில் செலுத்தினால் இரத்த அழுத்தம் மிகுதியாக உயர்கிறது என்பதை, 1890களின் நடுப்பகுதியில் ஜார்ஜ் ஆலிவர் என்ற ஆங்கில மருத்துவரும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்டு ஷேஃபரும் எடுத்துக் காட்டினர். அச்சாற்றில் உள்ள சத்தைப் பிரித்தெடுக்கப் பலர் முயன்றனர். அமெரிக்காவில் ஜான் ஏபெல் என்பவர் தாம் பிரித்த பொருளுக்கு எபிநெப்ரின் என்று பெயரிட்டார். ஆனால் அது முழுத் தூய்மை உடையதன்று. நியூயார்க்கில் வாழ்ந்த ஜப்பானிய அறிஞர் ஜோகிச்சி தகாமினேயும் அவருடைய உதவியாளர் கெய்சோ உயெனகாவும் அதனைத் தூய படிகமாகவே பிரித்தெடுத்தனர். 1901இல் அது அட்ரினலின் என்னும் பெயரோடு வெளிவந்தது. 1904இல் ஜெர்மனியின் பிரீட்ரிக் ஷ்டோல்ஸ் அதனைச் சுரப்பியின் துணையின்றியே ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டினார். ஒரே பொருளுக்கு இன்றும் இரு பெயர்கள் வழங்குவதன் காரணம் இதுவே.

இம்மருந்து செய்யும் பணி வியப்புக்குரியது. தளர்ந்த இரத்தக் குழாய்களை இறுக்கி, வீழ்ந்த அழுத்தத்தை உயர்த்துகிறது. இதயத்திற்கு ஊக்கம் அளிக்கிறது. சுருங்கிய மூச்சுக்குழலை விரிக்கிறது. தாக்குதலைத் தூண்டும் பொருள்கள் மேலும் சுரக்காமல் தடுக்கிறது. அரிப்புக்கும் தடிப்புக்கும் கொடுக்கும் மாத்திரைகள் இந்தப் பணியைச் செய்ய வல்லன அல்ல. எனவேதான், கடுந்தாக்கு நேர்ந்தால் முதலில் அட்ரினலின், அதன் பின்னரே பிற மருந்துகள் என்று மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

மருந்து கிடைத்துவிட்டது. அதனைச் செலுத்துவது எப்படி? நெடுங்காலம் வரையில், ஆம்பூல் எனப்படும் சிறு கண்ணாடிக் குப்பியும் ஊசிக்குழலுமே கருவிகளாக இருந்தன. குப்பியின் கழுத்தை ஒடிக்க வேண்டும். ஊசியால் மருந்தை உறிஞ்ச வேண்டும். அளவைப் பார்க்க வேண்டும். காற்றுக் குமிழியை நீக்க வேண்டும். அதன் பிறகே குத்த வேண்டும். பயின்ற செவிலியர்க்கு இது எளிய செயல். கண்ணெதிரே நீலம் பாரித்துத் துடிக்கும் குழந்தையின் தாய்க்கு? கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2001இல் இதனைச் சோதனையால் அளந்து பார்த்தனர். கைக்குழந்தைக்கு உரிய அளவு மருந்தை ஊசிக்குழலில் எடுக்கப் பெற்றோர்க்குச் சராசரியாக 142 விநாடிகள் ஆயின; மருத்துவர்களுக்கு 52 விநாடிகளும், அவசரப் பிரிவுச் செவிலியர்க்கு 29 விநாடிகளும் போதுமாயிருந்தன. காலத்தைக் காட்டிலும் அளவே அச்சமூட்டுவது. பெற்றோர் எடுத்த மருந்தின் மிகக் குறைந்த அளவிற்கும் மிக உயர்ந்த அளவிற்கும் இடையே 40 மடங்கு வேறுபாடு காணப்பட்டது. நோயாளி எவரும் இல்லாத அமைதியான சோதனையிலேயே இந்நிலை என்றால், மெய்யான ஆபத்தில் எவ்வாறு இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இதற்கு விடை வந்த திசையோ யாரும் எதிர்பாராதது. அது போர்க்களத்திலிருந்து வந்தது. நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சு வாயுக்கள் இருபதாம் நூற்றாண்டில் போர்க்கருவிகளாக உருவெடுத்தன. அவ்வாயுவில் சிக்கிய வீரன், மாற்று மருந்தைச் சில நிமிடங்களுக்குள், உடையின் மேலாகவே, தானே குத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெத்தஸ்டா என்னும் ஊரிலிருந்த சர்வைவல் டெக்னாலஜி என்ற நிறுவனம், 1970களில் இத்தேவைக்கென ஒரு கருவியை ஆக்கியது. அப்பணியில் முன்னின்றவர் ஷெல்டன் கப்லான் என்ற பொறியாளர். அழுத்தி வைக்கப்பட்ட ஒரு சுருள்வில். அதன் முன்னே மருந்து நிரம்பிய குழல். அதன் முனையில் மறைந்து நிற்கும் ஊசி. கருவியைத் தொடையில் அழுத்தியதும் பூட்டு விடுபட்டு, வில் விரிந்து, ஊசி பாய்ந்து, அளவான மருந்து உள்ளே செல்லும். அளக்க வேண்டுவதில்லை, குமிழி நீக்க வேண்டுவதில்லை, ஊசியைக் கண்ணால் காணவும் வேண்டுவதில்லை. இக்கருவியில் அட்ரினலினை நிரப்பி உருவாக்கிய எபிபென் என்னும் ஊசிக்கு 1987இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. உயிர் பறிக்கும் நஞ்சினை எண்ணிச் செய்த கருவி, பள்ளிக் குழந்தைகளின் பையில் இடம் பெற்றது.

இத்துடன் கதை முடிந்தது என்று பலர் எண்ணினர். உண்மையில் அரைப் பகுதியே முடிந்திருந்தது. ஒரு கருவி கண்டுபிடிக்கப்படுவது ஒன்று; அது ஆயிரமாயிரம் கைகளில், ஒவ்வொரு முறையும், தவறாமல் இயங்குவது வேறொன்று. இந்த இரண்டாவது பணியில் நேர்ந்த இடர்களை நான்கு வகையாகப் பிரித்துக் காணலாம்.

முதலாவது இடர், பிடிக்கும் கையைப் பற்றியது. பழைய எபிபென்னின் ஒரு முனையில் சாம்பல் நிற மூடி. மறு முனையில் ஊசி வெளிவரும் கறுப்புப் பகுதி. பேனாவைப் போன்ற உருவம். பேனாவின் மூடியைக் கழற்றிப் பழகிய மனிதர், மூடி இருந்த பக்கமே ஊசி என்று கருதி, மறு முனையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினர். மருந்து தொடைக்குள் செல்லாமல் விரலுக்குள் சென்றது. விரலின் சிறு இரத்தக் குழாய்கள் இறுகி விரல் வெளுத்தது. நோயாளிக்கோ மருந்து கிடைக்கவில்லை. 1994 முதல் 2007 வரையில், இவ்வாறு தற்செயலாக ஊசி பாய்ந்த நிகழ்ச்சிகள் என்று அமெரிக்க நச்சுத் தகவல் நிலையங்களுக்கு வந்து சேர்ந்த செய்திகள் மட்டும் 15,190. பயன்படுத்துவோரின் அறியாமை என்று சொல்லிக் கையை விரிப்பது எளிது. ஆனால், ஒரே பிழையை ஆயிரக்கணக்கானோர் செய்வாராயின், அது மனிதரின் பிழையா, கருவியின் பிழையா? 2009இல் அனுமதி பெற்ற புதிய அமைப்பு இவ்வினாவிற்கு விடை பகர்ந்தது. காப்பு மூடி நீல நிறம் பெற்றது; ஊசி வரும் முனை ஆரஞ்சு நிறம் பெற்றது. குத்தி எடுத்தவுடன் அந்த ஆரஞ்சு உறையே நீண்டு ஊசியை மூடிக்கொள்கிறது. முன்னர்ப் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றிருந்த விதி, பின்னர் மூன்று விநாடியாகக் குறைக்கப்பட்டது. குழந்தையின் கால் திமிறினால் ஊசி கீறிவிடும். ஆதலால் காலை உறுதியாகப் பிடித்துக்கொள்க என்னும் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது. ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிக் கருவிகளும் வழங்கப்படுகின்றன.

இரண்டாவது இடர், மருந்து சென்று சேரும் இடத்தைப் பற்றியது. தோலின் அடியில் செலுத்தினாலே போதும் என்று நெடுங்காலம் கருதி வந்தனர். எஸ்டெல் சைமன்ஸ் குழுவினர் 1998இல் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு அக்கருத்தை மாற்றியது. தொடைத் தசைக்குள் செலுத்திய மருந்து, சராசரியாக 8 நிமிடங்களில் இரத்தத்தில் தன் உச்ச அளவை எட்டியது. தோலுக்கடியில் செலுத்திய மருந்துக்கோ 34 நிமிடங்கள் ஆயின. உயிர் நிமிடக் கணக்கில் ஊசலாடும்போது இவ்வேறுபாடு சிறியதன்று. தொடையின் வெளிப்புற நடுப்பகுதியே உரிய இடம் என்று இன்று கற்பிப்பது இதனாலேயே. ஆனால் ஊசி தசையை எட்டுமா என்னும் வினா அப்போதும் எஞ்சி நின்றது. 2016ஆம் ஆண்டில் லண்டனிலிருந்து பிரான்சு நாட்டிற்குச் சென்ற விமானத்தில், எள் கலந்த ரொட்டியை அறியாது உண்ட 15 வயதுச் சிறுமி ஒருத்தி கடுந்தாக்கிற்கு உள்ளானாள். இரண்டு ஊசிகள் போட்டும் அவள் பிழைக்கவில்லை. 2018இல் அம்மரணத்தை விசாரித்த அதிகாரி இரண்டு குறைகளைச் சுட்டினார். ரொட்டியின் உறையில் எள் என்ற குறிப்பு இல்லாதது ஒன்று. ஊசியின் நீளம் 16 மில்லிமீட்டரே என்பது மற்றொன்று. முதற் குறையைப் போக்கும் சட்டம் 2021 அக்டோபரில் பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது குறையைப் பற்றிய ஆராய்ச்சி எளிதில் முடிவதன்று. ஊசியின் நீளம் மட்டுமன்று. சுருள்வில்லின் விசை, தோலுக்கடியிலுள்ள கொழுப்பின் தடிமன், குத்துவோர் அழுத்தும் வலிமை ஆகிய யாவும் சேர்ந்தே பயனைத் தீர்மானிக்கின்றன. ஒரே ஊசி எல்லோர்க்கும் உறுதியாகப் பயன்படும் என்று சொல்ல இயலாமையால், ஒருவர் எப்போதும் இரண்டு ஊசிகளை உடன் வைத்திருக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து நிறுவனம் 2015இலேயே அறிவுறுத்தியிருந்தது.

மூன்றாவது இடர், மருந்தின் இயல்பைப் பற்றியது. அட்ரினலின் மென்மையான பொருள். காற்றிலுள்ள பிராணவாயு, வெப்பம், வெளிச்சம் ஆகிய மூன்றும் அதற்குப் பகை. அவை அதனைச் சிதைக்கும்போது, நிறமற்ற மருந்து முதலில் இளஞ்சிவப்பாகவும் பின்னர்ப் பழுப்பாகவும் மாறுகிறது. கருவியின் பக்கத்தில் ஒரு சிறு சாளரம் வைத்திருப்பது இந்நிற மாற்றத்தைக் கண்டறியவே. 20 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் அதனைக் காக்க வேண்டும், வெயிலில் நிற்கும் மோட்டார் காரினுள் விட்டுச் செல்லலாகாது, குளிர்ப்பெட்டியிலும் வைத்தலாகாது. தேதி கடந்த ஊசிகளைச் சைமன்ஸ் குழுவினர் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். தேதி கடந்து மாதங்கள் செல்லச் செல்ல மருந்தின் அளவு குறைந்து வந்ததைக் கண்டனர். ஆனால் நிறம் மாறாத பல ஊசிகளில் மருந்து கணிசமாக எஞ்சியிருந்ததையும் கண்டனர். ஆகவே, புதிய ஊசியை உரிய காலத்தில் வாங்கி வைப்பதே முறை. வேறு வழியே இல்லாத ஆபத்தில், நிறம் மாறாத பழைய ஊசி, ஊசியே இல்லாமையினும் மேல். 2018இல் தட்டுப்பாடு நேர்ந்தபோது, அமெரிக்க நிர்வாகம் குறிப்பிட்ட சில தொகுதி ஊசிகளின் காலவரையைச் சோதனைச் சான்றுகளின்மேல் 4 மாதங்கள் நீட்டித்தது.

நான்காவது இடரே எல்லாவற்றினும் கடுமையானது. அது தொழிற்சாலையைப் பற்றியது. வர்ஜீனியாவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்களான எரிக், எவன் எட்வர்ட்ஸ் இருவரும் சிறு வயது முதலே உணவு ஒவ்வாமையோடு வளர்ந்தவர்கள். பேனா உருவக் கருவியைப் பையில் வைத்துக்கொள்வதன் தொல்லையை உணர்ந்து, தட்டையான சிறு பெட்டி வடிவில் ஒரு கருவியை அவர்கள் உருவாக்கினர். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அக்கருவியே குரல் கொடுத்துச் சொல்லும். ஆவி-கியூ என்னும் அக்கருவிக்கு 2012இல் அனுமதி கிடைத்தது. அதை விற்ற சனோஃபி நிறுவனம், சரியான அளவு மருந்து வெளிவராமற் போகலாம் என்னும் ஐயத்தால், 2015 அக்டோபரில் விற்பனையான ஊசிகள் அனைத்தையும் திரும்பப் பெற்றது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்போது வந்திருந்த புகார்கள் 26. அவையும் உறுதி செய்யப்படாதவை. தயாரிப்பு முறை சீர்திருத்தப்பட்ட பின் 2017இல் அக்கருவி மீண்டும் விற்பனைக்கு வந்தது. கைக்குழந்தைகளுக்கு ஏற்ற 0.1 மில்லிகிராம் ஊசியும் அதே ஆண்டில் அனுமதி பெற்றது.

இனி எதிர்ப்புறத்தில் நிகழ்ந்ததைக் காண்போம். 2017 மார்ச்சில் எபிபென் ஊசிகளில் 13 தொகுதிகள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. குறையுடைய ஒரு சிறு பாகத்தால் கருவி இயங்காமற் போகலாம் என்பதே காரணம். அவ்வாண்டு செப்டம்பரில், அதனைத் தயாரித்து வந்த மெரிடியன் நிறுவனத்திற்கு அமெரிக்க நிர்வாகம் ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆபத்து வேளையில் கருவி இயங்கவில்லை என்று நூற்றுக்கணக்கான புகார்கள் வந்துள்ளன. அவற்றுள் சில, நோயாளி இறந்த நிகழ்ச்சிகளைப் பற்றியவை. அப்படியிருந்தும் ஆய்வாளர்கள் வந்து கேட்கும் வரையில் நிறுவனம் முழுமையாகப் புலனாய்வு செய்யவில்லை என்பது அக்கடிதத்தின் சாரம். கருவியின் குறைக்கும் அம்மரணங்களுக்கும் தொடர்பிருப்பதாகத் தங்களிடம் சான்று இல்லை என்று, நிறுவனத்தின் உரிமையாளரான பைசர் மறுமொழி கூறியது. ஊசி இயங்கியும் உயிர் போகும் நிகழ்ச்சிகள் உண்டு என்பதால், அம்மறுமொழியை ஒரேயடியாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய செய்தி வேறு. தொடர்பு உண்டா இல்லையா என்பதை அறியும் வழி புலனாய்வு ஒன்றே. அதைச் செய்யாதவர் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு மதிப்புத் தர முடியும்? இந்நிறுவனத்தோடு இடர் நின்றுவிடவுமில்லை. பிரிட்டனில் விற்ற எமரேட் என்னும் ஊசியும் 2023இல் திரும்பப் பெறப்பட்டது.

இங்கே கணிதம் பயிலும் மாணவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அவசர ஊசிகள் 99.999 விழுக்காடு நம்பகம் உடையவை என்பதை, 95 விழுக்காடு உறுதியோடு தயாரிப்பாளர் நிறுவ வேண்டும் என்று அமெரிக்க நிர்வாகம் 2020இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டி கூறுகிறது. அதாவது, ஒரு லட்சம் ஊசிகளில் ஒன்றுக்கு மேல் தவறலாகாது. இதனைச் சோதனை ஒன்றினாலேயே மெய்ப்பிக்க வேண்டுமானால், ஏறத்தாழ 3 லட்சம் ஊசிகளை இயக்கிப் பார்த்து, அவற்றுள் ஒன்றுகூடத் தவறவில்லை என்று காட்ட வேண்டும். இயக்கிப் பார்த்த ஊசியோ மீண்டும் பயன்படாது. மின்விளக்கைப் போட்டுப் பார்த்து வாங்குவதுபோல இதனைப் பார்த்து வாங்க இயலாது. எனவே பொறியாளர்கள் வேறொரு முறையைத் துணைக்கொள்கின்றனர். பழுது மரம் என்று அதனைச் சொல்லலாம். மருந்து செல்லவில்லை என்னும் கேட்டினை உச்சியில் எழுதுவர். அதற்குக் காரணமாகக் கூடியவை எவை என்று கீழ்நோக்கிக் கிளைகள் வரைவர்: வில் விரியவில்லையா, பூட்டு விடுபடவில்லையா, ஊசி அடைபட்டதா, குழல் உடைந்ததா? ஒவ்வொரு கிளைக்கும் நிகழ்தகவைக் கணித்து, எந்தக் கிளை வலுவற்றதோ அந்தப் பாகத்தைத் திருத்துவர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1962 அளவில் ஏவுகணைக்காகப் பிறந்த முறை இது. இந்த மரத்திற்கு நீர் எங்கிருந்து வருகிறது? பயன்படுத்தியவர்களின் புகார்களிலிருந்து வருகிறது. இன்ன இடத்தில், இன்ன வகையில் கருவி தவறியது என்ற செய்தி வராவிடின், கிளைகளை வரைவது வெறுங் கற்பனையாகும். 2020 மார்ச்சில் வெளியான ஓர் எச்சரிக்கை இதற்குச் சான்று. எபிபென்னின் நீல மூடியைப் பக்கவாட்டில் தள்ளிக் கழற்றினால் ஊசி முன்கூட்டியே பாய்ந்துவிடக் கூடும் என்றும், சில கருவிகள் தம் உறைக் குழலிலிருந்து எளிதில் வெளிவருவதில்லை என்றும் மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. மூடியைக் கழற்றும் விதமும்கூட உயிரோடு தொடர்புடையது என்பதை எழுதுமேசையில் அமர்ந்து ஊகித்தல் அரிது.

கருவி எவ்வளவு செம்மையாக இருப்பினும், கையில் இல்லாவிடில் பயன் என்ன? அமெரிக்காவில் 2007இல் சுமார் 100 டாலராக இருந்த இரண்டு எபிபென் ஊசிகளின் விலை, 2016இல் சுமார் 600 டாலராக உயர்ந்தது. உள்ளே இருக்கும் மருந்தின் மதிப்போ மிகச் சொற்பம். பெற்றோர் கொதித்தெழுந்தனர்; அதை விற்ற மைலான் நிறுவனத்தின் தலைவரை நாடாளுமன்றக் குழு அழைத்து விசாரித்தது. எபிபென்னுக்கு ஈடாக, தேவா நிறுவனம் தயாரித்த மாற்று ஊசிக்கு 2018இல் அனுமதி கிடைத்தது. பள்ளிகள் பொதுவில் ஊசி வைத்திருப்பதை ஊக்குவிக்கும் சட்டமும் அந்நாட்டில் 2013இல் நிறைவேறியது. விலையும் கிடைக்கும் தன்மையும் நம்பகத்தின் பகுதிகளே என்பதை இந்நிகழ்ச்சிகள் உணர்த்தின.

ஊசி என்றாலே அஞ்சுவோர் பலர். அவ்வச்சத்தாலேயே பெற்றோரும் நோயாளிகளும் குத்தத் தயங்கிக் காலத்தை இழக்கின்றனர். 2024 ஆகஸ்டில், ஊசியே இல்லாமல் மூக்கில் தெளிக்கும் அட்ரினலின் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெஃபி என்பது அதன் பெயர். ஊசியில் 0.3 மில்லிகிராம் போதும். மூக்கின் வழியே செல்லும்போது 2 மில்லிகிராம் தேவைப்படுகிறது. உயிருக்குப் போராடும் நோயாளிகளுள் சிலருக்கு மருந்தும் சிலருக்கு வெறும் நீரும் கொடுத்துச் சோதிப்பது அறமாகாது. ஆதலால், நலமுடைய 175 பேரிடம் இரத்தத்தில் மருந்தின் அளவு, அழுத்தம், நாடித் துடிப்பு ஆகியவற்றை அளந்து, அவை ஊசியினால் விளைவனவற்றுக்கு ஒப்பாக இருப்பதைக் கண்டே அனுமதி அளித்தனர். இதற்கு முன், ஒவ்வாமையால் மூக்கு அடைத்திருக்கும் நிலையில் மீண்டும் மீண்டும் தெளித்துப் பார்த்த ஆய்வு வேண்டும் என்று 2023இல் நிர்வாகம் கேட்டிருந்தது. சிறுவர்க்கான 1 மில்லிகிராம் மருந்துக்கு 2025இல் அனுமதி கிடைத்தது. இப்புதிய கருவியும் இனிமேல்தான் மக்களின் கைகளில், மழையிலும் வெயிலிலும், பதற்றத்திலும் இருளிலும், தன் தேர்வை எழுத வேண்டும்.

மாணவர்களே, வரலாறு என்றால் கண்டுபிடித்தவர்களின் பெயரும் ஆண்டும் என்று கருதிப் படிப்பவர் உண்டு. தகாமினேயையும் கப்லானையும் மறக்கலாகாது. ஆனால் அவர்களோடு மட்டும் இந்த ஊசியின் வரலாறு நிறைவு பெறுவதில்லை. விரலில் குத்திக்கொண்டு அதனைத் தெரிவித்த ஆயிரக்கணக்கானோர், மகளை இழந்தும் விசாரணை மன்றத்தில் நின்று பேசிய பெற்றோர், தொழிற்சாலையின் ஏடுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர், இரண்டு நிமிடம் இருபத்திரண்டு விநாடி என்று பொறுமையோடு அளந்து குறித்த ஆராய்ச்சியாளர் ஆகிய அனைவருக்கும் அதில் பங்குண்டு. உங்களுள் சிலர் நாளை பொறியாளராகலாம், சிலர் மருத்துவராகலாம், சிலர் புகார்க் கடிதங்களைப் பெற்றுக் கோப்பில் சேர்க்கும் அலுவலராகவும் ஆகலாம். கருவி தவறியது என்று எழுதி வரும் ஒரு கடிதம் உங்கள் மேசையை அடையும் நாளில், அதனைக் குறைகூறல் என்று ஒதுக்கிவிடாமல் பிரித்துப் படியுங்கள். அடுத்து அதே கருவியைக் கையில் எடுக்கப் போகும் தாய்க்கு அக்கடிதமே முதல் உதவி.